வாழ்வுமுறைப் பழக்கங்களை இணையப் பாடமும் விளையாட்டும் கற்றுத்தருமா?

கேள்வி: ஆசிரியை, பாபநாசம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். சிற்றூர் நடுநிலைப் பள்ளியொன்றில் பணியாற்றுகிறேன். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு மதிப்பிட்டதைப் படித்தபோது, மாத்திரை டப்பாவும் சாப்பாட்டுத் தட்டும் ஒன்றாக இருக்கும் என் மாணவர்களின் வீடுகள்தான் கண்முன் வந்தன.

ஆகவே சென்ற பருவத்தில் உணவு, உடற்பயிற்சி, தூக்கம் பற்றிய இணையப் பாடமொன்றை ஆறாம் வகுப்புக்குத் திரையில் காட்டினேன். இறுதியில் வந்த வினாடி வினாவில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் முழு மதிப்பெண் பெற்றார்கள். மறுநாள் இடைவேளையில் அதே பிள்ளைகளின் கைகளில் அதே மசாலா பாக்கெட்டுகள் இருந்தன. பிறகு, காய்கறிகளைச் சேர்த்தால் புள்ளி தரும் கைபேசி விளையாட்டொன்றைப் பரிந்துரைத்தேன். அப்பா வயலிலிருந்து திரும்பிய பிறகே கைபேசி கிடைக்கும் என்பதால் ஒரு மாணவன் இரவு பதினொரு மணி வரை விளையாடியிருக்கிறான். அவனுடைய அம்மா பள்ளிக்கே வந்து வருத்தப்பட்டுச் சென்றார். இந்த வழியைக் கைவிடுவதா, திருத்திக்கொள்வதா என்று வழிகாட்டுங்கள்.

பதில் 1: கிராமச் செவிலியர், மன்னார்குடி

கைவிட வேண்டாம், டீச்சர். பாடத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கி, மீதி நேரத்தைப் பிள்ளைகளின் கைகளுக்குக் கொடுங்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் காலி குளிர்பானப் புட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றின் மீதுள்ள எழுத்துகளைப் படிக்க வைத்தேன். நூறு மில்லிக்குப் 10 கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருந்தால், 250 மில்லிப் புட்டியில் 25 கிராம் ஆகிறது. ஒரு தேக்கரண்டிக்கு ஏறக்குறைய 4 கிராம் என்று கணக்கிட்டு, ஒரு சிறுமி தம்ளரில் ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுக்கொண்டே வந்தாள். ஆறாவது கரண்டியைத் தாண்டியதும் பின்வரிசையிலிருந்தவர்களும் எழுந்து வந்து தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்கள். நொறுக்குத்தீனி உறையில் சோடியம் 400 மில்லிகிராம் என்றிருந்தால், அது ஏறத்தாழ ஒரு கிராம் உப்புக்குச் சமம். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பதில் 2: மென்பொருள் பணியாளர், கும்பகோணம்

புள்ளிகள் தரும் உற்சாகம் விரைவில் தணிந்துவிடும். வெளியே நடந்து திரிந்து ஆட வேண்டிய போக்கிமான் கோ என்ற கைபேசி விளையாட்டு 2016-இல் வந்தபோது அமெரிக்க இளைஞர்களிடம் நடத்திய ஆய்வில், முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சுமார் 955 அடிகள் கூடுதலாக நடந்தவர்கள், ஆறாவது வாரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாட்கள் ஆகின்றன என்பது லண்டனில் நடந்த வேறோர் ஆய்வின் முடிவு. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. எனவே ஒரு வார விளையாட்டு போதாது, ஒரு பருவம் முழுவதும் நீள வேண்டும். திரைக்கு வெளியே செய்த செயலுக்கு மட்டுமே புள்ளி தர வேண்டும். இதற்குச் செயலியே தேவையில்லை. நம் பரமபதத்தைத் திண்ணையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, ஒரு கீரை உண்ட நாளுக்கு ஓர் ஏணியும், இரவு கைபேசி பார்த்த நாளுக்கு ஒரு பாம்பும் வைக்கலாம்.

பதில் 3: ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

ஒரு வேண்டுகோள், சகோதரி. உடல் எடையைப் போட்டியாக்கிவிடாதீர்கள். பருமனான பிள்ளையும் மெலிந்த பிள்ளையும் ஒருசேர மனம் நொந்துபோவார்கள். இன்னொன்று, உலை வைப்பது பிள்ளைகள் இல்லை, நாங்கள். மூன்று வேளையும் சோறு பெருகி, காய் குறைந்த தட்டை அவர்கள் மட்டும் எப்படி மாற்றுவார்கள்? எங்களையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எடை பார்க்கும் போட்டி ஒன்றை எண்ணியிருந்தேன், அதை விட்டுவிட்டேன். பகலில் வயல்வேலை இருப்பதால், பெற்றோர் கூட்டத்தை மாலை ஆறரை மணிக்கு வைக்கத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார். உறைகளைக் கொண்டுவரச் சொன்ன முதல் நாளே பதினேழு உறைகள் சேர்ந்தன; சோடியம் அளவைத் தேடிப் படிக்க ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்கியிருக்கிறேன். பரமபதக் கட்டங்களில் என்னென்ன எழுதலாம் என்று பிள்ளைகளையே கேட்டிருக்கிறேன். "அப்பாவோடு வாய்க்கால் கரை வரை நடந்தால் பெரிய ஏணி" என்று முதலில் எழுதித் தந்தவன், இரவில் விளையாடிய அந்த மாணவன்தான்.