சீட்டு விழாத பன்னிரண்டு பிள்ளைகள்

காசிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்தவள், அப்புறம் விட மனசு வரவில்லை.

அந்த மாடிக்கு ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், எழுத்து தெரிகிறதா, சொல் படிக்கிறதா, பத்தி படிக்கிறதா என்று பார்த்து அங்கிருந்தே தொடங்கும் முறை பலன் தருகிறதா என்று சோதித்துப் பார்க்க வந்தார்கள். கூடவே வாரம் ஒரு நாள் உட்கார்ந்து பேச ஒரு கல்லூரி அக்காவோ அண்ணனோ வருவார்கள். மொத்தம் 24 பிள்ளைகள், பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். 12 பேருக்கு உடனே, மற்ற 12 பேருக்கு ஆறு மாதம் கழித்து என்றார்கள்.

மறுநாள் ஏலம் முடிந்து மீன் கூடையோடு நேராக என் வாசலுக்கு வந்த ஒரு அம்மா, "இன்னாக்கா, எதிர்வூட்டுப் பொண்ணுக்கு மட்டும் தனியா சொல்லித் தராங்க, என் புள்ள இன்னா பாவம் பண்ணான்?" என்று கேட்டார். ஆர்வமுள்ள பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்தால் அவர்கள் எப்படியும் முன்னேறியிருப்பார்கள், முறையால் வந்ததா பிள்ளையால் வந்ததா என்று பிரிக்க முடியாது, அதனால்தான் குலுக்கல் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். "ஆறு மாசத்துல நிச்சயமா வருமா?" என்றார். வரும் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

அவருடைய பையன் ஆறாம் வகுப்பு, பத்தி படிக்கத் திணறுவான். மற்றவர்களுக்குப் பாடம் நடக்கும்போது மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பான். கணக்கெடுக்க வந்த தம்பி, அவனை அனுப்பிவிடுங்கள், முடிவு கெட்டுப்போகும் என்றார். என்னால் முடியவில்லை. அவன் உட்கார்ந்த நாட்களைத் தேதியோடு எழுதிக் கொடுத்தேன், அதுதான் நேர்மை என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆறு மாதம் முடிந்து இரண்டாவது தேர்வும் வைத்தார்கள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. நிதி முடிந்துவிட்டது என்று போனில் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

குலுக்கலே தப்பு என்று நான் சொல்லவில்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து 2001-இல் மும்பையிலும் வதோதராவிலும் பால்சகி (பிள்ளைகளின் தோழி) என்ற ஆய்வு நடந்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ போன்றவர்கள் செய்தது. உள்ளூர்ப் பெண்களே பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லித் தந்தார்கள், என்னைப் போன்றவர்கள்தான். வதோதராவில் பாதிப் பள்ளிகளில் 3-ஆம் வகுப்புக்கும் மீதிப் பள்ளிகளில் 4-ஆம் வகுப்புக்கும் ஆள் கொடுத்தார்கள், அடுத்த ஆண்டு மாற்றிக் கொடுத்தார்கள். ஒப்பிடவும் முடிந்தது, எந்தப் பள்ளியும் வெறுங்கையோடு நிற்கவில்லை. காத்திருக்கும் இரண்டாவது குழுவுக்கான பணத்தை முதல் நாளே எடுத்து வைக்காத ஆய்வு, பிள்ளைகள் பெயரைச் சீட்டில் எழுதவே கூடாது.

அந்தக் குழு பாடம் நடத்திய அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்து, சனி ஞாயிறுகளில் அந்த 12 பேருக்கும் நானே நடத்தினேன். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை. முதல் குழுவில் இருந்த எதிர்வீட்டுப் பெண்ணே இப்போது படிக்கட்டுப் பையனோடு உட்கார்ந்து படிக்கிறாள்.

உங்கள் பக்கத்தில் இப்படி நடந்திருந்தால், காத்திருந்த பிள்ளைகளுக்கு முறை வந்ததா? எழுதுங்கள்.