நிர்வானா, இன்டர்போல், ஆர்.ஈ.எம். கேட்கும் நண்பர்களுக்கு அடுத்து எதைக் கொடுப்பது?

தாளக்கட்டை (கேள்வி)

மூணு பேருக்கு ராக் பாட்டு பரிந்துரைக்கணும். ஒருத்தருக்கு நிர்வானாவைத் தாண்டி எதுவும் ஏறாது. இன்னொருத்தர் இன்டர்போலின் முதல் ஆல்பம், 2002-ல் வந்த 'டர்ன் ஆன் த பிரைட் லைட்ஸ்' பைத்தியம். மூணாவது ஆள் ஆர்.ஈ.எம். ரசிகர், அதிலும் 1983-ன் 'மர்மர்' மாதிரியான பழைய கித்தார் சத்தம்தான் வேணும்பார்.

புதுசா ஏதாவது சொல்லுன்னு அவங்களேதான் கேட்கிறாங்க. ஆனா 40 பாட்டு பிளேலிஸ்ட் அனுப்பினா ரெண்டாவது பாட்டோட மூடி வெச்சிடறாங்க. பிக்ஸீஸ், சோனிக் யூத் மாதிரி ஊரறிஞ்ச பேர்கள் வேண்டாம். அதிகம் பேசப்படாத பேண்ட் எது, எந்த ஆல்பம், எந்தப் பாட்டுல ஆரம்பிக்கணும், எதை முதல்ல கொடுக்கவே கூடாது, இந்த அளவுக்கு விவரமா யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

பி-சைடு

"நிர்வானா பிடிக்கும்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த நிர்வானா என்று கேளுங்கள். 'நெவர்மைண்ட்' ஆல்பம் பிடித்தவர், 'இன் யூட்டரோ' ஆல்பம் பிடித்தவர், 'அன்பிளக்ட்' என்ற மேடை நிகழ்ச்சிப் பதிவு பிடித்தவர் என்று இவர்கள் மூன்று வேறு சாதி. ஒருவருக்குப் பொருந்துவது அடுத்தவருக்குப் பொருந்தாது.

'நெவர்மைண்ட்' ஆள் என்றால் வைப்பர்ஸ். ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் கிரெக் சேஜ் நடத்திய பேண்ட். நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேன் இவர்களிடம் கற்றதை மறைத்ததே இல்லை. 'டி-7', 'ரிட்டர்ன் ஆஃப் த ராட்' இரண்டையும் நிர்வானா பாடிப் பதிவு செய்திருக்கிறது. அந்த இரண்டின் மூலமும் 1980-ல் வந்த 'இஸ் திஸ் ரியல்?' ஆல்பத்தில் இருக்கின்றன. 'டி-7'-ஐ அனுப்புங்கள். நிர்வானா வடிவம் அவருக்கு முன்பே பழக்கமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1981-ன் 'யூத் ஆஃப் அமெரிக்கா'தான் பெரிய சாதனை என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் அதன் தலைப்புப் பாடல் பத்து நிமிடத்தைத் தாண்டும். அது மூன்றாவது வாரத்துக்கு.

'இன் யூட்டரோ' ஆள் என்றால் சிகாகோவின் ஜீசஸ் லிசர்ட், 1991-ன் 'கோட்' ஆல்பம். இரண்டையும் பதிவு செய்தவர் ஒருவரே: ஸ்டீவ் அல்பினி. உங்கள் நண்பருக்குப் பிடித்தது கர்ட்டின் குரலா, அல்லது அறையே அதிர்கிற அந்த டிரம் சத்தமா என்று பாருங்கள். டிரம் என்றால் 'கோட்' தவறாது. குரல் என்றால் யோசிக்க வேண்டும். ஜீசஸ் லிசர்டின் டேவிட் யாவ் பாடுவது வாயைப் பொத்திக் கடத்திக்கொண்டு போகிறவன் கத்துவது போலத்தான் இருக்கும். இரண்டு பேண்டுகளும் 1993-ல் ஒரே சிங்கிளில் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு) ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள், அதில் ஜீசஸ் லிசர்டின் பக்கத்தைக் கொடுத்தும் தொடங்கலாம்.

'அன்பிளக்ட்' ஆளுக்கு மீட் பப்பெட்ஸ். அந்த நிகழ்ச்சியில் மூன்று பாட்டு இவர்களுடையது, அந்த பேண்டின் கிர்க்வுட் சகோதரர்கள் மேடையேறி வாசித்தும் இருக்கிறார்கள். மூன்றும் 1984-ல் வந்த 'மீட் பப்பெட்ஸ் 2'-ல் உள்ளவை. இங்கேதான் பலர் சறுக்குவது: ஆல்பம் லிங்க்கை அப்படியே அனுப்புவார்கள். முதல் பாட்டு தலைதெறிக்க ஓடும் பங்க். 'அன்பிளக்ட்' அமைதியை எதிர்பார்த்து வந்தவர் அங்கேயே இறங்கிவிடுவார். 'பிளாட்டோ' பாட்டை மட்டும் தனியாக அனுப்புங்கள். கர்ட் கிர்க்வுட்டின் குரல் சுருதியோடு ஒட்டாமல் அலைவது போல் கேட்கும், அது ரெக்கார்டிங் கோளாறு இல்லை என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

நான்காம் தந்தி

இன்டர்போல் நண்பரிடம் ஜாய் டிவிஷனைக் கொடுக்காதீர்கள். அதை அவருக்கு ஏற்கெனவே பத்துப் பேர் கொடுத்திருப்பார்கள்.

இன்டர்போலில் கவனிக்க வேண்டியது இரண்டு கித்தார்களும் கோர்டு அடித்து நிரப்பாமல் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போவது. அதன் மூத்த உறவினர் மான்செஸ்டர் அருகே மிடில்டனைச் சேர்ந்த சமீலியன்ஸ், 1983-ன் 'ஸ்கிரிப்ட் ஆஃப் த பிரிட்ஜ்'. ரெக் ஸ்மிதீஸ், டேவ் ஃபீல்டிங் இருவரும் டிலே பெடலை (வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் கருவி) வைத்துக் கட்டும் அடுக்குகளை நல்ல ஹெட்போனில் இடது வலது பிரித்துக் கேட்டால்தான் யார் எதை வாசிக்கிறார் என்பது பிடிபடும். போன் ஸ்பீக்கரில் எல்லாம் ஒரே கூழ். 'செகண்ட் ஸ்கின்' அவர்களின் உச்சம், ஆனால் ஏறக்குறைய ஏழு நிமிடம். முதலில் 'டோன்ட் ஃபால்'. பழைய சினிமா வசனத் துண்டு ஒன்றோடு தொடங்கும், அதைக் கேட்டு வேறு ஏதோ ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

இருட்டும் கனமும் பிடித்தவர் என்றால் ஷெஃபீல்டின் காம்சாட் ஏஞ்சல்ஸ். 1981-ன் 'ஸ்லீப் நோ மோர்' போல டிரம் இவ்வளவு பாரமாக விழும் ஆல்பம் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை. தொடங்க வேண்டியது அதற்கு முந்தைய ஆண்டின் 'இன்டிபெண்டன்ஸ் டே'. ஜாக்கிரதை, இந்தப் பாட்டு இரண்டு இருக்கிறது. 1980-ன் 'வெயிட்டிங் ஃபார் எ மிராக்கிள்' ஆல்பத்தில் இருப்பதுதான் நீங்கள் தேடுவது. 1983-ல் வேறு கம்பெனிக்கு மாறி 'லேண்ட்' ஆல்பத்துக்காக அதையே மறுபடி பதிவு செய்தார்கள், எண்பதுகளின் வானொலிக்கு மெருகேற்றிய வடிவம். தேடல் பெட்டியில் எது முதலில் வருகிறதோ அதை அனுப்பினால் "இதுக்கா இவ்ளோ பில்டப்?" என்று பதில் வரும்.

லண்டனின் த சவுண்ட் பேண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பாடகர் ஏட்ரியன் போர்லண்ட் எழுதியவற்றில் 1981-ன் 'ஃப்ரம் த லயன்ஸ் மவுத்' முதலில். எக்கோ அண்ட் த பன்னிமென் பேண்டுடன் வேலை செய்த ஹ்யூ ஜோன்ஸ் தயாரித்தது, ஒலி முழுமையாக இருக்கும். முதல் ஆல்பம் 'ஜெபர்டி' குறைந்த செலவில் எடுத்தது, கொஞ்சம் கரடுமுரடு. என் தேர்வு அதுதான், ஆனால் புதியவருக்கு அல்ல. மூன்றாவதான 'ஆல் ஃபால் டவுன்', "ஹிட் கொடுங்கள்" என்று நெருக்கிய கம்பெனிக்கு முறைத்துக்கொண்டு கொடுத்த பதில். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

நாடா இரைச்சல்

மூன்றாவது நண்பர்தான் அதிர்ஷ்டசாலி. அவருக்கு ஒரு நாடே காத்திருக்கிறது: நியூசிலாந்து.

1981-ல் ரோஜர் ஷெப்பர்ட் கிறைஸ்ட்சர்ச்சில் ஃபிளையிங் நன் என்ற லேபிளை, அதாவது இசைத்தட்டு கம்பெனியை, தொடங்கினார். தெற்கே டனீடின் என்ற பல்கலைக்கழக ஊரிலிருந்து வந்த பேண்டுகள்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. திறந்த தந்திகள் கலகலக்கும் கித்தார், கொஞ்சம் ஆர்கன், நிறைய எதிரொலி, மேலே சோர்வான ஒரு குரல். ஆர்.ஈ.எம். அமெரிக்காவில் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், உலகின் மறுகோடியில், பாதி பணத்தில்.

முக்கியமான எச்சரிக்கை: "ஒரு பேண்டின் முதல் ஆல்பத்தில் தொடங்கு" என்ற வழக்கமான விதி இங்கே செல்லாது. இவர்கள் சிங்கிளும் ஈ.பி.யுமாகவே (சில பாட்டுகள் மட்டும் உள்ள குட்டி ஆல்பம்) வெளியிட்டார்கள். த க்ளீன் பேண்டின் முதல் சிங்கிள் 1981-ல், முதல் முழு ஆல்பம் 'வெஹிக்கிள்' 1990-ல். ஆல்பத்தில் தொடங்குகிறவர் முதல் ஒன்பது ஆண்டைத் தவறவிடுகிறார். அதனால் 1981-ன் 'பூடில் பூடில் பூடில்' ஈ.பி. கொடுங்கள். ஐந்தே பாட்டு. கிறிஸ் நாக்ஸ், டக் ஹூட் இருவரும் நாலு டிராக் மெஷினில் (நாலே ஒலித்தடம் உள்ள எளிய பதிவுக் கருவி) பதிந்தது, நியூசிலாந்து விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் போனது. 'எனிதிங் குட் ஹேப்பன்' முதலில். அது பிடித்தால் 'பாயின்ட் தட் திங் சம்வேர் எல்ஸ்'. ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு டேவிட் கில்கோரின் கித்தார் சுழன்றுகொண்டே இருக்கும், தம்புரா பழகிய காதுக்கு இது அந்நியமே இல்லை.

அடுத்து த சில்ஸ். மார்ட்டின் ஃபிலிப்ஸ் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் மாறிக்கொண்டே இருந்த பேண்ட். 1984-ன் 'பிங்க் ஃப்ராஸ்ட்' பாட்டைத் தனியாக அனுப்புங்கள், பிறகு சிங்கிள்களைத் தொகுத்த 'கலைடோஸ்கோப் வேர்ல்ட்' (1986). முதல் முழு ஆல்பமான 'பிரேவ் வேர்ட்ஸ்' (1987) பாட்டுகளாக அருமை, ஆனால் மிக்ஸ் கலங்கல். குரலும் கீபோர்டும் சேற்றில் கிடக்கும். தெளிவான ஒலி வேண்டும் என்றால் 1990-ன் 'சப்மரீன் பெல்ஸ்'.

ஆனால் 'மர்மர்' ரசிகரின் மடியில் நேராகப் போய் விழுவது த பேட்ஸ், 'டாடிஸ் ஹைவே', 1987. க்ளீனில் பேஸ் வாசித்த ராபர்ட் ஸ்காட்டின் பேண்ட். இதை மட்டும் முழு ஆல்பமாகவே அனுப்பலாம், வழியில் பள்ளம் எதுவும் இல்லை. வெர்லெய்ன்ஸ், லுக் ப்ளூ கோ பர்ப்பிள் (ஐந்து பெண்கள், மூன்று ஈ.பி., அவ்வளவுதான்) இரண்டையும் அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மோனோ

மேலே சொன்ன பேண்டுகளில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாட்டு சரியாக இருந்தும் பரிந்துரை தோற்பதற்கு வேறு காரணங்கள் உண்டு.

முதலாவது ஒலியளவு. எண்பதுகளின் பதிவுகள் இன்றைய பாட்டுகளைவிட மெதுவாகவே மாஸ்டர் செய்யப்பட்டவை. நண்பரின் பிளேலிஸ்ட்டில் 2020-க்குப் பிறகு வந்த பாட்டுக்கு அடுத்து க்ளீன் வந்தால் சோப்ளாங்கியாகக் கேட்கும். ஸ்பாட்டிஃபை என்றால் செட்டிங்ஸில் நார்மலைசேஷன் (எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவது) ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். யூடியூப் சத்தமானதைக் குறைக்கும், மெதுவானதை உயர்த்தாது. அங்கே வால்யூமைக் கையால்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, குரல். நம் சினிமாப் பாட்டில் குரல் முன்னால் நிற்கும், வாத்தியம் பின்னால் விலகி வழிவிடும். இந்த வகையில் குரலும் கித்தாரும் ஒரே வரிசையில் நிற்கும். "வார்த்தையே கேக்கலையே" என்பதுதான் முதல் புகாராக வரும். அதேபோலப் பல்லவி திரும்பி வரும் என்று காத்திருப்பார்கள். பல பாட்டுகளில் வரவே வராது. இந்த இரண்டையும் லிங்க்கோடு ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் பேண்ட் வரலாறு, லேபிள், யார் யாரைப் பாதித்தார்கள் என்று எழுதினால் வீட்டுப்பாடம் ஆகிவிடும். நாலு டிராக் மெஷின் கதையைக்கூட பாட்டு பிடித்த பிறகு சொல்வதே நல்லது. முன்னாடியே சொன்னால் மன்னிப்புக் கேட்பது போல இருக்கும்.

மூன்றாவது, கேட்கும் இடம். கென்டக்கி மாநிலம் லூயிவில்லின் ஸ்லிண்ட், 1991-ன் 'ஸ்பைடர்லேண்ட்': ஆறே பாட்டு, பெரும்பாலும் முணுமுணுப்புப் பேச்சு, கடைசிப் பாட்டின் இறுதியில் அலறல். பஸ்ஸில் கேட்டால் முணுமுணுப்பு கேட்காது என்று வால்யூமை ஏற்றுவார், அலறல் வரும்போது காது போய்விடும். ராத்திரி, வீட்டில், ஒரே மூச்சில் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, ஆல்பத்தின் வாசலிலேயே குறுக்கே படுத்திருக்கும் பாட்டுகள். ஒலிம்பியா நகரத்தின் அன்வூண்ட், 2001-ன் 'லீவ்ஸ் டர்ன் இன்சைட் யூ' தொடங்கி ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஒரே ரீங்காரம்தான். ஃபைல் கெட்டுப்போச்சு என்றுதான் நினைப்பார்கள். 'லுக் எ கோஸ்ட்' பாட்டில் தொடங்குங்கள், அல்லது 1996-ன் 'ரிப்படிஷன்' ஆல்பத்திலிருந்து 'கார்ப்ஸ் போஸ்'.

வாரம் ஒரு பாட்டு. பதில் வராமல் இரண்டாவது அனுப்பாதீர்கள்.

தாளக்கட்டை

அருமை, எல்லாருக்கும் நன்றி. நெவர்மைண்ட் ஆள்தான்னு உறுதியாச்சு, 'டி-7' அனுப்பியாச்சு. ஒரு சந்தேகம்: த சவுண்ட்னு தேடினா மழைச் சத்தம், தூக்கத்துக்கான சத்தம்னு என்னென்னவோ வருது. வைப்பர்ஸ்னு போட்டா கார் கண்ணாடி துடைக்கிற ரப்பர். நண்பர்கள் எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

நான்காம் தந்தி

பேண்ட் பெயரைச் சொல்லி விடவே கூடாது, லிங்க்தான். தேடியே ஆக வேண்டும் என்றால் பேண்ட் பெயரோடு ஆல்பம் பெயரையும் சேர்த்து, ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லுங்கள். க்ளீன், பேட்ஸ், அப்புறம் லோ, ஹூட், கோடீன் என்ற பேண்டுகள், எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கோடீன் என்று தனியாகத் தேடினால் இருமல் மருந்துதான் வரும்.

இன்னும் இரண்டு பொறி. அமெரிக்காவில் வேறொரு குழு அந்தப் பெயரை வைத்திருந்ததால் சமீலியன்ஸ் அங்கே 'சமீலியன்ஸ் யூகே' ஆனது. காம்சாட் என்ற கம்பெனி ஆட்சேபித்ததால் காம்சாட் ஏஞ்சல்ஸ் அங்கே 'சி.எஸ். ஏஞ்சல்ஸ்'. பழைய தட்டு வாங்குகிறவர் இரண்டு பெயரிலும் பார்க்க வேண்டும். இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒரே பெயரில் பல பேண்ட் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள். ஸ்ட்ரீமிங் தளங்களில் அந்த வசதி இல்லை, சில சமயம் முன்பின் தெரியாதவரின் சிங்கிளும் அதே பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். "புது ரிலீஸ்" என்று வந்தால் வெளியான ஆண்டைப் பாருங்கள்.

பி-சைடு

லிங்க் என்றால் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணக்குத் திறக்காமலே பெரும்பாலும் முழுப் பாட்டையும் கேட்கலாம், சில தடவைக்குப் பிறகுதான் வாங்கச் சொல்லும். அன்வூண்ட், கோடீன், பெட்ஹெட் மூன்று பேண்டுகளையும் சிகாகோவின் நியூமெரோ குரூப் என்ற லேபிள் மறுவெளியீடு செய்திருக்கிறது. நாலு டிராக் சத்தத்துக்குப் பழகிய ஆர்.ஈ.எம். நண்பருக்கு அடுத்து பெட்ஹெட் கொடுங்கள், 1994-ன் 'வாட்ஃபன்லைஃப்வாஸ்'. ஆல்பம் பெயரை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். வெறும் பெட்ஹெட் என்று தேடினால் தூங்கி எழுந்த தலைமுடியை வாரும் வழிகள்தான் வரும்.