பொருள்: ரூட்டரில் எழுதும் 'ஃபில்டர் ரூல்' தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

வரும் சனிக்கிழமை எங்கள் பகுதி நூலகத்தில் பெற்றோருக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். வீட்டு ரூட்டரில் எந்தக் கருவி இணையத்துக்குப் போகலாம், எது இரவு 10 மணிக்கு மேல் போகக்கூடாது என்று விதி (ஃபில்டர் ரூல்) எழுதப் பழக்க வேண்டும். 8 பக்கக் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

'வடிகட்டி' என்றுதான் எழுதியிருந்தேன். போன வகுப்பில் அதுவே இடறியது. 'வடிகட்டும் பட்டியல்' என்ற இடத்தில் ஓர் அம்மா மகனுடைய ஃபோனைச் சேர்த்தார், அது தடுக்கப்படும் என்று நினைத்து. அவர் தேர்ந்த முறையிலோ பட்டியலில் இருப்பவைக்கு மட்டுமே அனுமதி. சேமித்ததும் அந்த ஃபோனைத் தவிர வீட்டில் எல்லாம் நின்றுவிட்டது.

அவர்மேல் தப்பில்லை. சோறு வடித்தால் பானையில் நிற்பது நமக்கு வேண்டும். டீயை வடிகட்டினால் கீழே இறங்குவது வேண்டும். எது நிற்கும், எது போகும் என்று சொல்லிலேயே தெரிய வேண்டும். உதவுங்கள்.

---

> எது நிற்கும், எது போகும் என்று சொல்லிலேயே தெரிய வேண்டும்

அம்மா, அந்தச் சொல் நம்மிடம் இருக்கிறது: கடி. தொல்காப்பியர் உரியியலில் இதற்குப் பத்துப் பொருள் சொல்கிறார். முதலாவது வரைவு, அதாவது நீக்கல். மூன்றாவது காப்பு. விலக்குவதும் காப்பதும் ஒரே சொல்லில்! 'கடிந்த கடிந்தொரார்' என்ற குறளில் கடிந்தவை விலக்கப்பட்டவை. அரசர்களின் கடிமரமோ காவல்மரம். ஆகவே வேண்டாத இணையப் போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குக் கடிமதில், ஃபில்டர் ரூலுக்குக் கடிவிதி. ஃபயர்வாலைத் தீச்சுவர் என்றால் எரிகிற சுவர் என்றே காதில் விழுகிறது. மூலத்தில் அது தீ பரவாமல் தடுக்கும் சுவர்.

---

ஐயா சொல்வது படிக்க இனிமை. ஆனால் கடி என்றதும் இன்றைக்கு நாய்க்கடியும் கொசுக்கடியும்தான் நினைவுக்கு வரும். சொல்லை விளக்கவே அரைமணி போய்விடும்.

எனக்குப் பட்டினப்பாலைதான் தோன்றுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களைப் 'புலி பொறித்துப் புறம்போக்கி' அனுப்பினார்கள். அங்கே குவிந்து கிடந்தவையும் பொதிமூடைகளே. இணையத்தில் தரவு போகும் சிறு கட்டான பாக்கெட்டைப் பொதி என்கிறோம், அது நுழையும் எண்ணிட்ட வாசலான போர்ட்டைத் துறை என்கிறோம். மூன்றாவதாகச் சுங்கவிதி என்றால் ஒரே குடும்பமாக அமையும். சுங்கம் என்றால் இன்று பணம் வாங்கும் இடம் என்று சண்டைக்கு வருவீர்கள். அது நியாயம்தான்.

---

நெட்வொர்க் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று. தலைப்பை எப்படியும் வையுங்கள், டீச்சர், பொத்தான்களில் தவறக்கூடாது. ரூட்டரை இயக்கும் மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியில் முக்கியமாக மூன்று தேர்வுகள்: அக்செப்ட், ரிஜெக்ட், ட்ராப். பின்னிரண்டையும் 'தடை' என்றே எழுதிவிடாதீர்கள். ரிஜெக்ட் என்றால் ரூட்டர் மறுப்புச் செய்தி அனுப்பும். பெரும்பாலும் செயலி உடனே பிழை காட்டிவிடும். ட்ராப் என்றால் பதிலே கிடையாது. அனுப்பிய கருவி நேரம் தீரும்வரை காத்துக் கிடக்கும். விரைவுத்தபாலை வாங்க மறுத்தால் அனுப்பியவருக்கே திரும்புகிறது. கடிதத்தைக் கிழித்துப் போட்டால் அவருக்குச் சேதியே இல்லை. என் சொற்கள்: விடு, திருப்பு, விழுங்கு.

அப்புறம் வரிசை. விதிகளை ரூட்டர் மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் பொருந்துவதோடு முடிந்தது. 'எல்லாவற்றையும் தடு' மேலே இருந்தால் அதற்குக் கீழே எழுதிய 'விடு' வீண். கையேட்டில் இதற்கு அரைப் பக்கமாவது கொடுங்கள். 53ஆம் துறையை மூடிவிட்டு, எந்தத் தளமும் திறக்கவில்லை என்று அழைப்பவர்கள் உண்டு. தளப்பெயருக்கு முகவரி கேட்கும் வழியே அதுதான்.

---

'விழுங்கு' ஒத்துவராது. விழுங்கினால் உள்ளே போய்விட்டது என்றல்லவா பொருள்! 'கைவிடு' என்று போடலாமா?

---

கைவிடு என்றால் பெற்ற பிள்ளையைக் கைவிட்டதுபோல் இருக்கிறது. பெற்றோர் வகுப்பில் வேண்டாம்.

---

அனைவருக்கும் நன்றி. புதன் இரவு 11 மணி ஆகிவிட்டது, முடிவு சொல்கிறேன். எனக்குத் தனியாக எழுதியவர்களில் பெரும்பாலோர் வடிகட்டியே இருக்கட்டும் என்கிறீர்கள். சரி, அட்டையில் 'வடிகட்டும் விதிகள்'. உள்ளே அந்த வினையைத் தனியாக எங்கும் விடவில்லை. 'பட்டியலில் உள்ளவற்றை மட்டும் விடு', 'பட்டியலில் உள்ளவற்றை மட்டும் தடு' என்று முழுதாக எழுதிவிட்டேன். 'திருப்பு' அப்படியே வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ட்ராப்புக்கு இப்போதைக்குப் 'பதிலின்றித் தள்ளு'. நீளம்தான், ஆனால் நடப்பதைச் சொல்கிறது. திரையில் ஆங்கிலம் இருக்கும் என்பதால் அக்செப்ட், ரிஜெக்ட், ட்ராப் மூன்றையும் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன்.

---

அட்டையில் வடிகட்டி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, அம்மா. குறை என்று நீங்களே காட்டிய சொல் அது. 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்ற தொல்காப்பிய நூற்பாவிலும் கடிசொல் என்பது விலக்கப்படும் சொல்தான். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

---

ஏழாம் பக்கத்தின் அடியில் இடம் இருக்கிறது, ஐயா. கடிவிதி பற்றி இரண்டு வரி எழுதி நாளைக் காலை 10 மணிக்குள் அனுப்புங்கள். குறளையும் சேர்த்தே எழுதுங்கள்.