ஆற்று நீரில் கல் வளருமா? டூஃபா படிவுகள் பற்றிய ஒரு கேள்வி

வாவிக்கரை ரீச்சர் (மட்டக்களப்பு):

வணக்கம். உயர்தர மாணவருக்குப் புவியியல் கற்பிக்கிறேன். குரோசியாவின் பிளிட்விசே ஏரிகளின் படங்களைக் காட்டி, அங்குள்ள 16 ஏரிகளையும் பிரித்து நிற்கும் அணைகளை மனிதர் கட்டவில்லை, ஆற்று நீரே டூஃபா என்னும் சுண்ணக் கல்லைப் படியவைத்துக் கட்டியது, அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் இன்றும் வளர்கிறது என்று விளக்கினேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி, "அப்படியென்றால் பட்டிப்பளை ஆற்றிலும் முந்தனை ஆற்றிலும் ஏன் வளரவில்லை?" என்று கேட்டாள். பாறை வேறு என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கடற்கரையோரமுள்ள எங்கள் வீட்டுக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் நகக்கனத்துக்கு வெள்ளைப் படிவு இருக்கிறது. தேசிக்காய்ச் சாறு விட்டால் நுரைக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? இத்தகைய கல்லைக் கொண்டு பழைய காலநிலையையும் நிலம் உயர்ந்ததையும் எவ்வாறு கணிக்கிறார்கள்?

குளத்தடியான் (உன்னிச்சை):

ரீச்சர், கேத்தலிலும் ஆற்றிலும் நடப்பது ஒரே தாக்கம்தான். அதைத் தூண்டுவது மட்டுமே வேறு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிட்ட காபனீரொட்சைட்டை ஏற்று மென்மையான அமிலமாகிறது. வெளிக்காற்றில் இருப்பதைவிட மண்ணிடைக் காற்றில் அவ்வாயு பன்மடங்கு கூடுதலாக இருப்பதால், அந்நீர் கீழேயுள்ள சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்றாக்கிச் சுமந்து செல்கிறது. ஊற்றாக வெளிப்பட்டதும், மூடி திறந்த சோடாப் போத்தலைப் போல வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணம் கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. கேத்தலில் வாயுவை விரட்டுவது நெருப்பு. ஆற்றில் விரட்டுவது நீர் மெல்லிய படலமாகிச் சிதறும் அருவி விளிம்பு. அதனால்தான் விளிம்பில் படிவு கூடுகிறது. படிவு கூடக்கூட விளிம்பு உயர்ந்து, பின்னால் நீர் தேங்கி ஏரியாகிறது. பாசியும் சயனோபற்றீரியாவும் ஒளித்தொகுப்புக்காக மேலும் வாயுவை உறிஞ்சுவதோடு, சுண்ணம் பற்றிக்கொள்ள இடமும் கொடுக்கின்றன.

கிழக்கில் நிலத்தடியில் இருப்பது விஜயன் தொகுதி எனப்படும் பழைய பாறைப் பகுதியைச் சேர்ந்த நைஸ், அதாவது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய கடும்பாறை. அணைகட்டும் அளவுக்குச் சுண்ணம் அதிலிருந்து ஆற்றுக்குக் கிடைப்பதில்லை. உங்கள் கேத்தலில் படிவது கடற்கரை மணலிற் கலந்த சிப்பி ஓட்டுத் துண்டுகளிலிருந்து கரைந்து வந்ததாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் உண்டு, அருவி இல்லை; எங்களிடம் ஆறு உண்டு, சுண்ணாம்புக்கல் இல்லை.

மட்டுநகரான் (ஸ்டுட்கார்ட்):

நான் வசிக்கும் இடத்துக்கு அருகே ஊராக் அருவி 37 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. ஜேர்மனியர் அதன் படிவை 'கல்க்டுஃப்' என்பர். எரிமலைச் சாம்பல் இறுகிய 'டஃப்' பாறையோடு மாணவர் இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. உடைந்து கிடந்த துண்டொன்றை அருகில் பார்த்தேன்: பார்வைக்குக் கடற்பஞ்சு, தொட்டால் கல். அதில் ஊசித் துளைகள் நெருக்கமாக இருந்தன. பாசியின் நுனி வளர வளர அடித்தண்டு சுண்ணத்துள் புதைந்து, பின்னர் அழுகிப்போனதால் எஞ்சிய குழாய்கள் அவை.

காலநிலையைப் பொறுத்தவரை, படிவு உண்டானதே முதற் சான்று. ஐரோப்பாவில் பனிக்கட்டிக் காலங்களில் மண்ணின் உயிர்ச்செயல் குன்றியதால் படிவும் குன்றியது. இடையில் வந்த வெப்பமான, ஈரமான காலங்களில் மிகுந்தது. பல படிவுகளில் பருவத்துக்கேற்ப மாறும் மெல்லிய அடுக்குகளும் உண்டு. அடுக்குகளிலுள்ள ஒட்சிசன் சமதானிகளின் (ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்களின்) விகிதம் நீரின் வெப்பநிலையையும் மழையின் தன்மையையும் சேர்த்தே காட்டும்: வெப்பம் 1 பாகை கூடினால் கனமான ஒட்சிசன்-18 ஆயிரத்தில் 0.2 பங்களவு குறையும். பருவமழை நாடுகளில் மழை மிகுந்தாலும் அது குறையும். ஆகவே ஒரே எண்ணுக்கு இரண்டு விளக்கங்கள் கிடைக்கும் அபாயம் எப்போதும் உண்டு. காபன் சமதானிகள் நிலத்தின் தாவர வகையையும் மண்ணின் உயிர்ச்செயலையும் உணர்த்துகின்றன.

வயதைக் கணிக்க, யுரேனியம் சிதைந்து தோரியமாகும் அளவைப் பார்க்கும் யுரேனியம்-தோரியம் முறை ஏறத்தாழ 5 இலட்சம் ஆண்டுகள் வரை உதவுகிறது. ஆயினும் துளைகளில் சேறு புகுந்திருந்தால் அதனோடு வந்த தோரியம் கணக்கைக் குழப்பும். காபன்-14 முறை இன்னும் சிக்கலானது. கரைந்த காபனில் பாதிவரை பழைய சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவதால் படிவு உண்மை வயதைவிட மூத்ததாகத் தோன்றும்.

ஓய்வுபெற்ற நில அளவையாளர் (அம்பாறை):

நில அசைவு பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். டூஃபா ஆற்றுமட்டத்தை ஒட்டிப் படிவது. ஆகவே இன்று ஆற்றுக்கு 40 மீற்றர் மேலே, பள்ளத்தாக்கின் சரிவில் ஒரு படிவு தொங்கிக்கொண்டிருந்து, அதன் வயது 1 இலட்சம் ஆண்டு என்று தெரிந்தால், ஆறு ஆண்டுக்குச் சராசரியாக 0.4 மில்லிமீற்றர் நிலத்தை வெட்டி இறங்கியிருக்கிறது. இப்படிப் படிக்கட்டாக நிற்கும் பல படிவுகளை அளந்தால் அந்த வேகம் எப்போது கூடியது என்பதும் புலப்படும். ஆனால் இதை அப்படியே நிலத்தின் உயர்வு வேகமாக எழுதிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. டூஃபா அணையே ஆற்றின் படுகையை உயர்த்தும். அணை உடைந்தால், நிலம் அணுவளவும் உயராமலே ஆறு விரைந்து இறங்கும். கடல்மட்டத் தாழ்வும் வெள்ளப்பெருக்கின் மாற்றமும் அதையே செய்யக்கூடும். கிடையாகப் படிந்த ஏரிப்படிவு சரிந்திருப்பது, அல்லது ஒரே அடுக்கு குறைக்கோட்டின் (பாறை உடைந்து நகர்ந்த பிளவின்) இருபுறமும் வெவ்வேறு உயரத்தில் நிற்பது போன்ற நேரடிச் சான்று இருந்தால்தான் நான் ஏற்பேன்.

வாவிக்கரை ரீச்சர்:

மூவருக்கும் நன்றி. அடுத்த வகுப்பில் மகா ஓயா வெந்நீர் ஊற்றைப் பற்றிக் கேட்பார்கள். துருக்கியின் பாமுக்கலே போல அங்கே வெண்படிகள் உருவாகாதா?

குளத்தடியான்:

வெப்பம் மட்டும் போதாது, ரீச்சர். பாமுக்கலேயில் சுடுநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு குறைகளின் வழியே மேலேறுகிறது. சுடுநீரில் உண்டாகும் அப்படிவைப் பொதுவாக டிரவர்ட்டீன் என்று பிரித்துச் சொல்வர். மகா ஓயாவில் நீர் ஏறிவருவது சுண்ணாம்புக்கல் அல்லாத, நைஸ் போன்ற பளிங்குருப் பாறைகளின் வெடிப்புகள் வழியாக. கேத்தலைக் கையோடு வகுப்புக்குக் கொண்டுபோங்கள், தேசிக்காயையும் மறவாதீர்கள்.