வீடு மாறிய பின் கணினி திரை காட்டவில்லை

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானில் ஐயா வீட்டுக்குப் போன வாரம் குடிவந்தோம். நானே பாகம் பாகமாகச் சேர்த்த கணினி, குட்டியானையில் பாத்திர மூட்டைகளுக்கு நடுவே வந்தது. இப்போது பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றி, நின்று, மறுபடி சுற்றுகிறது. திரையில் 'நோ சிக்னல்'. மதர்போர்டில் 'டிராம்' விளக்கு மட்டும் எரிகிறது. மகளின் கல்லூரி புராஜெக்ட் முழுக்க அதில்தான். வயிறு கலங்குகிறது.

பதில்:
அண்ணே, பதறாதீங்க. 'டிராம்' விளக்கு என்றால் ராமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில் சிக்கல். புராஜெக்ட் இருப்பது கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில். ராம் கோளாறு அதைத் தொடாது. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு இரண்டு ராமையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும், பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில், 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். பவர் கேபிளை மாட்டி, பொத்தானை அழுத்திவிட்டு, முதல் முறை சில நிமிடம் காத்திருங்கள்.

இன்னொரு பதில்:
திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு கனமானது, குலுங்கலில் தொங்கியிருக்கும். அதையும் கழற்றி மாட்டுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் கார்டில்தான் இருக்கிறதா? அப்புறம், பழைய வீடுகளில் பல பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால் முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது! ஒரு ராமின் ஓரம் நூலளவு தூக்கிக்கொண்டிருந்தது, டார்ச் அடித்தால்தான் தெரிந்தது. இரண்டையும் அழுத்தி மாட்டினேன். தேதி மட்டும் பின்னோக்கிப் போயிருந்தது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றியதும் சரியானது. மகள் இப்போதுதான் புராஜெக்டைப் பென்டிரைவில் ஏற்றுகிறாள். எர்த் பார்க்க நாளை ஆள் வருகிறார். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.