சென்னையையும் கனடாவையும் ஒரே பாடத்தில் இணைக்க உதவி வேண்டும்

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் கர்நாடகப் போரை (தென்னிந்தியாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போர்) உலக வரலாற்றோடு சேர்த்து நடத்த 45 நிமிடப் பாடம் ஒன்று தயாராகிறது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை, 1748 உடன்படிக்கையால் ஆங்கிலேயரிடம் திரும்பியது. பதிலுக்கு பிரான்சுக்குக் கிடைத்தது கனடாவின் லூயிஸ்பர்க் கோட்டை.

இதற்குப் பின்னணியான ஐரோப்பியப் போரில், அதாவது ஆஸ்திரிய அரியணை வாரிசுரிமைச் சண்டையில் தொடங்கினால் பத்தே நிமிடத்தில் வகுப்பு தூங்கிவிடும். அதனால் முதலில் ஜார்ஜ் கோட்டைப் படம், "தோற்றவனுக்கே ஊர் ஏன் திரும்பக் கிடைத்தது?" என்ற கேள்வி, பிறகுதான் உலகப்படம். சிக்கல் அடுத்து வருகிறது. எல்லாமே ஐரோப்பாவில் முடிவானது, இங்கிருந்தவர்கள் வெறும் பார்வையாளர்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். சென்னை தனக்கு வரும் என்று நம்பிய ஆற்காட்டு நவாப் அன்வருதீன் படை அனுப்பியதும், அது அடையாற்றில் பிரெஞ்சுக்காரரிடம் தோற்றதும் பாடநூலில் ஒரு வரியோடு போய்விடுகிறது (அதுதான் சுவையான பகுதி!).

கேட்பது இரண்டு: அக்காலப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் 1746ஆம் ஆண்டுப் பக்கங்கள், மூலத் தமிழிலேயே, யாரிடமாவது உண்டா? 15 வரி போதும். பழைய நடைக்கு அருஞ்சொற்பொருள் நாங்களே சேர்த்துக்கொள்வோம். சென்னை, புதுச்சேரி, மொரீஷியஸ் (பிரெஞ்சுக் கப்பற்படையின் தளம்), லூயிஸ்பர்க் நான்கும் தெரியும் தமிழ் வெற்றுப்படம், ஏ3 அளவில், இருந்தாலும் அனுப்புங்கள்.