பழைய குடும்பப் படங்களின் கோப்பளவைக் குறைக்க உதவி தேவை

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம். நான் முள்ளியவளையில் வசிக்கிறேன். இடப்பெயர்வுகளின்போது அம்மா உரப்பைக்குள் சுற்றிக் காவித் திரிந்த குடும்ப அல்பத்தில் எஞ்சிய 43 படங்களை அண்மையில் ஸ்கேன் செய்தேன். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), சுருக்காத டிஃப் வடிவத்தில் சேமித்ததால், ஆறுக்கு நான்கு அங்குலப் படமொன்று 3600க்கு 2400 பிக்சல்களாகி, ஏறத்தாழ 26 மெகாபைட் இடத்தைப் பிடிக்கிறது. கனடாவிலும் பிரான்சிலும் உள்ள உறவினர்களுக்கு இவற்றை அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டுச் சிக்னலில் ஒன்றை ஏற்றி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது.

வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பியபோது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று எடுத்த படத்தில் பானைப் புகைக்குப் பின்னால் நிற்கும் அம்மம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மூக்குத்தி வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிட்டது. பின்னர் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் நீளப் பக்கத்தை 1600 பிக்சலாக்கி, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் வடிவத்தில் தரத்தை 80இல் வைத்துச் சேமித்தேன். ஒரு மெகாபைட்டுக்கும் குறைவாக வந்தது, மூக்குத்தியும் தப்பியது. ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும் என்பதால், மூலக் கோப்புகளில் கைவைக்கவில்லை.

இதே அளவில் அனைத்தையும் ஒரே தடவையில் மாற்ற, இணையமின்றி இயங்கும் இலவச மென்பொருளொன்றையும் அதன் செய்முறையையும் யாராவது விளக்குவீர்களா? பழுப்பேறிய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கிரேஸ்கேலாக்கினால் (நிறத்தை நீக்கிச் சாம்பல் சாயல்களாக மட்டும் சேமித்தால்) அளவு கணிசமாகக் குறையுமா என்பதையும் அறிய விரும்புகிறேன். படங்களை ஏற்றிச் சுருக்கித் தரும் இணையத்தளங்களைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். வீட்டுப் படங்களை முன்பின் அறியாத இடத்தில் ஒப்படைக்க அம்மா சம்மதிக்க மாட்டார்.